பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கும் முன்: படுக்கைக்கா, லவுஞ்சுக்கா, எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்காக அவர்களை ஒரு நீண்ட சுற்றுலாவுக்கு அழைத்துப் போனேன். இருவருக்குமே முட்டி வலி. பதினோரு மணி நேரம் எகானமி இருக்கையில் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால், பல மாதங்கள் சேர்த்து வைத்த பணத்தில் மூன்று பேருக்கும் பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். தேடியதில் எது விலை குறைவோ அதை எடுத்தேன். பிசினஸ் கிளாஸ் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன்.

வழியில் ஏழு மணி நேர டிரான்சிட், அதுவும் நள்ளிரவில். லவுஞ்ச் என்கிற வசதியான தனிக் காத்திருப்பு அறையின் வாசலில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்த பெண், "உங்கள் கட்டண வகைக்கு லவுஞ்ச் கிடையாது" என்றார். விடியும் வரை அம்மா ஓர் இரும்பு நாற்காலியில் என் தோளில் சாய்ந்து கிடந்தார். அப்புறம் விமானத்தில் ஏறினால், வரிசைக்கு 2-3-2 என்று ஏழு இருக்கைகள். அப்பாவுக்கு நட்டநடு இருக்கை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தூங்குகிறவரின் நீட்டிய காலைத் தாண்ட வேண்டும். அதற்குப் பயந்து அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

இந்த இரண்டையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். எங்கே பார்ப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பயணத்துக்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். அலுவலகச் செலவில் பறப்பவர்களுக்கு இது தேவைப்படாது. சொந்தப் பணத்தில், விடுமுறைக்காக, முதல் தடவையாகப் பெரிய வகுப்பில் போக நினைப்பவர்களுக்காக எழுதுவது இது.

1. முதலில் பயணத்தை மணிக்கணக்காக எழுதிப் பாருங்கள்

விலையைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுத்து, வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து ஓட்டல் அறைக்குள் நுழைவது வரை எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் உங்கள் உடம்புக்கு அப்போது பகலா இரவா என்று குறியுங்கள். கடிகாரத்தை நம்ப வேண்டாம், உடம்பின் கணக்கில் குறியுங்கள்.

எங்கள் பயணம் இப்படி இருந்தது: ஐந்து மணி நேரம் பகல் விமானம், ஏழு மணி நேரம் நள்ளிரவுக் காத்திருப்பு, பதினோரு மணி நேரம் விடிகாலையில் கிளம்பும் விமானம். இதை எழுதிப் பார்த்திருந்தால், முதல் ஐந்து மணி நேரத்துக்கு எகானமியே போதும், மிச்சப்படும் பணத்தைக் காத்திருப்புக்கும் அடுத்த விமானத்துக்கும் போடலாம் என்று புரிந்திருக்கும்.

இரவு எங்கே கழிகிறதோ அங்கே பணத்தைப் போட வேண்டும். விமானத்தில் கழிந்தால் படுக்கைக்கு, நிலையத்தில் கழிந்தால் லவுஞ்சுக்கு அல்லது டிரான்சிட் ஓட்டலுக்கு. இந்த வழிகாட்டியில் மீதி எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஆறு மணி நேர இரவு விமானம் என்றால் ஆறு மணி நேரத் தூக்கம் இல்லை. மேலே ஏறி, சாப்பாடு பரிமாறி முடிக்க ஒன்றரை மணி நேரம். இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுப்பிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது மூன்றரை, நான்கு மணி நேரம்தான். அதற்குப் பெரிய தொகை கொடுப்பதா என்று யோசிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் இரவு விமானத்தில்தான் படுக்கை இருக்கை தன் விலைக்கு உழைக்கிறது.

2. எந்த விமானம் என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அதற்கப்புறம்

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரே நிறுவனம், ஒரே வழி, ஒரே விலை. ஆனால் காலை விமானத்தில் கதவு வைத்த தனி அறை போன்ற இருக்கை, மாலை விமானத்தில் பத்து வருடப் பழைய இருக்கை. விளம்பரத்தில் வரும் படம் எப்போதும் புது இருக்கையின் படம்தான்.

ஒரு வரிசையின் இருக்கை அமைப்பைச் சொல்லும் மூன்று எண்களில் பாதி விஷயம் தெரிந்துவிடும், எண்களுக்கு நடுவே வரும் கோடுதான் நடைபாதை. பெரிய விமானங்களில் 1-2-1 என்றால் ஒவ்வொரு இருக்கைக்கும் நடைபாதை உண்டு, யாரையும் தாண்ட வேண்டாம். 2-2-2 என்றால் ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் தாண்ட வேண்டும். 2-3-2 என்றால் அதோடு நடு இருக்கையும் இருக்கிறது. எமிரேட்ஸின் ஏ380 விமானங்களில் பிசினஸ் கிளாஸ் 1-2-1. அதே நிறுவனத்தின், இன்னும் புதுப்பிக்கப்படாத போயிங் 777களில் 2-3-2. டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் ஏ350இல் 1-2-1, அவர்களுடைய பழைய அமைப்பு 777இல் 2-3-2. கத்தார் ஏர்வேஸ் 2017இல் கொண்டுவந்த, கதவு உள்ள கியூசூட் இருக்கை எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் எல்லா விமானத்திலும் அது இல்லை.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு 2-2-2 மோசமில்லை என்பது என் கருத்து. பக்கத்தில் இருப்பது உங்கள் மனைவியோ கணவரோ என்றால் தாண்டுவதில் சங்கடம் இல்லை. தனியாகப் போகிறவருக்கும் வயதானவருக்கும் 1-2-1 தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

அடுத்து, படுக்கை உண்மையிலேயே தட்டையாகிறதா என்று பாருங்கள். முழுத் தட்டை, சாய்ந்த தட்டை, வெறும் சாய்வு நாற்காலி என மூன்று வகை உண்டு. சாய்ந்த தட்டை என்பது நேராகத்தான் நீளும், ஆனால் தலை மேலே, கால் கீழே. தூங்கத் தூங்க உடம்பு கீழே சறுக்கும். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்பு என்று விற்பது பெரும்பாலும் அகலமான சாய்வு நாற்காலி. ஐரோப்பாவுக்குள் பறக்கும் சின்ன விமானங்களில் பிசினஸ் கிளாஸ் என்பது பொதுவாக அதே எகானமி இருக்கை, நடு இருக்கையை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். நீண்ட பயணத்தின் கடைசித் துண்டு இப்படி அமைந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், அந்தத் துண்டுக்குத் தனியாக அதிகம் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

உயரமானவர்கள் கால் வைக்கும் பொந்தைப் பார்க்க வேண்டும். பல 1-2-1 இருக்கைகளில் கால் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் போகும். அங்கே காலைத் திருப்ப இடம் இருக்காது. கேபினின் முதல் வரிசையில் முன்னால் வேறு இருக்கை இல்லாததால் இந்தப் பொந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஆனால் அது சமையல் பகுதியையோ கழிப்பறையையோ ஒட்டி இருந்தால் இரவெல்லாம் வெளிச்சமும் சத்தமும் வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சில விமானங்களில் இருக்கையின் முதுகுப் பலகையை முன்னால் மடக்கித்தான் படுக்கை ஆக்க முடியும், காலைக் குறுக்காக நீட்ட வேண்டும். மெத்தை நன்றாக இருக்கும். ஆனால் படுக்க ஒருமுறை, மறுபடி உட்கார ஒருமுறை என்று எழுந்து நிற்க வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அது ஒரு வேலை.

விமானத்தின் வயதும் உடம்புக்குத் தெரியும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கேபின் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். காற்றின் வறட்சியும் புதியவற்றில் கொஞ்சம் குறைவு. தலைவலியும் தொண்டை வறட்சியும் எளிதில் வருகிறவர்கள், ஒரே விலைக்கு இரண்டு விமானம் இருந்தால் இவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? கூகுள் ஃப்ளைட்ஸில் தேடும்போது விமான விவரத்தை விரித்தால், விமானத்தின் வகையோடு இருக்கை முழுத் தட்டையா, சாய்ந்த தட்டையா என்பதையும் பெரும்பாலும் காட்டும். ஏரோலோபா என்ற தளத்தில் நிறுவனவாரியாக இருக்கை வரைபடம் கிடைக்கும், ஜன்னல் எந்த இருக்கைக்கு நேராக வருகிறது என்பது வரை வரைந்திருப்பார்கள். ஒரே வகை விமானத்தில் ஒரு நிறுவனம் இரண்டு மூன்று அமைப்பு வைத்திருந்தால், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் தேதிக்கு வரும் இருக்கை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24இல் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் எந்த விமானம் அந்த வழியில் பறந்தது என்று தெரியும்.

டிக்கெட்டை விற்கும் நிறுவனமும் ஓட்டும் நிறுவனமும் வேறு வேறாக இருக்கலாம், எச்சரிக்கை. 'இயக்குவது' என்ற வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய இருக்கைதான் உங்களுக்குக் கிடைக்கும்.

3. கட்டண வகையின் பொடி எழுத்தைப் படியுங்கள்

பிசினஸ் கிளாஸ் இப்போது ஒரே பொருள் இல்லை. லைட், ஸ்பெஷல், பேசிக் என்று பெயர் வைத்து, இருக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து விற்கிறார்கள். எமிரேட்ஸ் 2019இல் இப்படி ஒரு ஸ்பெஷல் கட்டணத்தைக் கொண்டுவந்தது, அதில் லவுஞ்சும் வீட்டிலிருந்து அழைத்துப் போகும் காரும் கிடையாது. வேறு நிறுவனங்களும் அந்த வழியில் போயின. நான் எடுத்ததும் இந்த ரகம்தான். இருக்கையைப் பொறுத்தவரை அதே இருக்கை, அதே சாப்பாடு. ஆனால் லவுஞ்ச் இல்லை, முன்கூட்டியே இருக்கை தேர்ந்தெடுக்க முடியாது. அப்பாவுக்கு நடு இருக்கை வந்த காரணமும் அதுதான்.

பணம் கட்டும் முன் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே கட்டணத்தைத் திறந்து, இந்த ஐந்துக்கும் பதில் தேடுங்கள்: லவுஞ்ச் சேர்ந்ததா, இருக்கைத் தேர்வு இலவசமா, எத்தனை பெட்டி, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், தேதி மாற்ற எவ்வளவு. ஐந்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்களில் இந்த விவரம் பாதிதான் இருக்கும். நான் அப்படி ஒரு தளத்தில்தான் வாங்கினேன், அங்கே 'பிசினஸ்' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது.

கலப்பு வகுப்பு இன்னொரு பொறி. தேடலில் பிசினஸ் என்று கேட்டும், மலிவாகத் தெரிகிற ஒரு டிக்கெட்டில் ஒரு துண்டு எகானமியாக இருக்கும். சில சமயம் நீண்ட துண்டுதான் எகானமி! ஒவ்வொரு துண்டுக்கும் வகுப்பு என்ன என்று தனித்தனியாகப் பாருங்கள். டிக்கெட்டில் வகுப்பைக் குறிக்கும் எழுத்து ஜே, சி, டி, ஐ, இசட் இவற்றில் ஒன்றாக இருந்தால் பொதுவாகப் பிசினஸ்.

இதே கலப்பு வகுப்பை நாமே விரும்பியும் செய்யலாம். பல நகரத் தேடல் என்ற வசதியில், பகல் துண்டுக்கு எகானமியும் இரவுத் துண்டுக்குப் பிசினஸும் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எல்லா நிறுவனமும் விற்காது. விற்றால் நல்ல மிச்சம்.

4. லவுஞ்சுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்

முதல் தடவை போகிறவர்களுக்கு லவுஞ்ச் மேல் ஓர் ஆசை இருக்கிறது. எனக்கும் இருந்தது. அதில் தவறில்லை, விடுமுறை அங்கேயே தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அதை டிக்கெட் விலைக்குள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் கணக்கு எளிது. அதே நிலையத்தில் பணம் கட்டி நுழையக்கூடிய ஒரு லவுஞ்சின் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே லவுஞ்சால் வரும் விலை வித்தியாசம் அதைவிட அதிகம் என்றால் மலிவானதை எடுத்து, வாசலில் பணம் கட்டிக்கொள்ளலாம். குறைவு என்றால் லவுஞ்ச் சேர்ந்த டிக்கெட்டே மேல். மூன்று பேருக்கும் சேர்த்த டிக்கெட் விலையை ஒப்பிட்டால், லவுஞ்ச் கட்டணத்தையும் மூன்றால் பெருக்க மறக்காதீர்கள். அந்தப் பெருக்கல்தான் பல சமயம் முடிவை மாற்றும்.

காத்திருப்பின் நீளம் அடுத்த அளவுகோல். கிளம்பும் ஊரில் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய், பாதுகாப்புச் சோதனை முடித்து வந்தால் லவுஞ்சில் உட்கார நாற்பது நிமிடம் கிடைக்கும். அதற்காக ஒரு காசும் அதிகம் கொடுக்க வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் டிரான்சிட் என்றால் லவுஞ்ச் வேலை செய்கிறது. அதுவும் குளியலறை இருந்தால், ஒன்பது மணி நேரம் பறந்து வந்த உடம்புக்கு ஒரு குளியல் என்பது பெரிய விஷயம். ஆறு மணி நேரத்தைத் தாண்டி, அது இரவாகவும் இருந்தால், லவுஞ்ச் சோபாவைவிட நிலையத்துக்குள்ளேயே இருக்கும் டிரான்சிட் ஓட்டலில் மணிக்கணக்கில் அறை எடுப்பது நல்லது. அம்மா அப்பாவோடு இனி நான் செய்யப் போவது அதைத்தான்.

லவுஞ்சும் படுக்கையும் ஒன்றுக்கொன்று உதவும் இடம் ஒன்று உண்டு. நள்ளிரவில் கிளம்பும் ஏழெட்டு மணி நேர விமானம். லவுஞ்சிலேயே சாப்பிட்டு, பல் துலக்கி, தளர்ந்த உடை மாற்றிக்கொண்டு ஏறினால், விமானப் பணியாளரிடம் 'சாப்பாடு வேண்டாம், எழுப்பாதீர்கள்' என்று சொல்லிவிட்டு உடனே படுக்கலாம். ஒன்றரை மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். இப்படிப்பட்ட பயணத்தில் லவுஞ்ச் இல்லாத கட்டணத்தை எடுக்காதீர்கள்.

விடிகாலை ஐந்து மணிக்குப் போய் இறங்கி, ஓட்டலில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை என்றால்? அதற்கென்று வருகை லவுஞ்ச் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். லண்டன் ஹீத்ரோ டெர்மினல் 5இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அப்படி ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிக்கு, கிளம்பும் லவுஞ்சைவிட இது அதிகம் பயன்படும் என்பேன். இல்லாத ஊரில், டிரான்சிட் லவுஞ்சிலேயே குளித்துவிடுங்கள்.

5. வேறு வழியில் லவுஞ்சுக்குள் போக முடியுமா

முடியும், மூன்று வழி.

முதலாவது, விமான நிறுவனக் கூட்டணிகளில் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கிடைக்கும் உறுப்பினர் அட்டை. ஸ்டார் அலையன்ஸில் கோல்டு, ஒன்வேர்ல்டில் சஃபையர் அல்லது எமரால்டு, ஸ்கைடீமில் எலீட் பிளஸ் தகுதி இருந்தால், அந்தக் கூட்டணி விமானத்தில் எகானமியில் போனாலும் பொதுவாக லவுஞ்ச் உண்டு, கூட ஒரு விருந்தினரையும் அழைத்துப் போகலாம். பிசினஸ் டிக்கெட் மட்டும் வைத்திருப்பவருக்கு விருந்தினர் உரிமை பொதுவாகக் கிடையாது. கணவருக்குப் பிசினஸ், மனைவிக்கு எகானமி என்று எடுத்துவிட்டு வாசலில் தவிக்கும் ஜோடிகள் இதில்தான் மாட்டுகிறார்கள். எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமிக்கும் பொதுவாக லவுஞ்ச் இல்லை. இன்னொன்று, அட்டையால் போகும் லவுஞ்சும் டிக்கெட்டால் போகும் லவுஞ்சும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூர் சாங்கி டெர்மினல் 3இல், எகானமியில் பறக்கும் கோல்டு உறுப்பினர்களுக்குத் தனி லவுஞ்ச், பிசினஸ் பயணிகளுக்கு வேறு.

இரண்டாவது, பிரையாரிட்டி பாஸ் போன்ற லவுஞ்ச் சந்தாவும் வங்கி அட்டைகளும். வருடத்துக்கு எத்தனை தடவை இலவசம், விருந்தினருக்கு எவ்வளவு என்று முன்பே பாருங்கள். விருந்தினர் கட்டணத்தை வாசலில் கேட்க மாட்டார்கள், அடுத்த மாத பில்லில் வரும். பல லவுஞ்சுகளில் மூன்று மணி நேரம்தான் இருக்க விடுவார்கள். கூட்ட நேரத்தில் இந்தப் பாஸ்காரர்களைத்தான் முதலில் திருப்பி அனுப்புவார்கள். விடுமுறைக் காலம் என்றால் அதை நம்பி ஏழு மணி நேரக் காத்திருப்பைத் திட்டமிடாதீர்கள்.

மூன்றாவது, லவுஞ்சின் தளத்தில் முன்பதிவு செய்து பணம் கட்டுவது. வயதானவர்களோடு போகும்போது எனக்குப் பிடித்தது இதுதான், இடம் உறுதியாக இருக்கும்.

எந்த வழியானாலும் லவுஞ்ச் எந்த டெர்மினலில், பாதுகாப்புச் சோதனைக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிடுங்கள். வெளியே என்றால் டிரான்சிட் பயணி குடியேற்றம் தாண்டிப் போக வேண்டும், அதற்கு விசா வேண்டியிருக்கலாம்.

6. எவ்வளவு அதிகம் கொடுக்கலாம், எப்போது வாங்கலாம்

நான் பார்த்த வரையில் பிசினஸ் விலை எகானமியைப் போல இரண்டரை மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை ஓடுகிறது. மடங்கைப் பார்த்து மலைக்காதீர்கள், வித்தியாசத்தை மணியால் வகுங்கள். எகானமி 100 என்று வையுங்கள். முழுப் பயணமும் பிசினஸ் 340. அதிகம் கொடுப்பது 240. அதில் உண்மையில் படுத்துத் தூங்கப் போவது எட்டு மணி நேரம் என்றால், தூங்கும் ஒரு மணிக்கு 30. இரவுத் துண்டு மட்டும் பிசினஸ் என்றால் 260, அதிகம் 160, ஒரு மணிக்கு 20. அந்தத் தொகைக்கு நான் என் பணத்தைக் கொடுப்பேனா என்று கேட்டுக்கொண்டால் பதில் தானாக வரும்.

பகல் விமானத்துக்குப் பிரீமியம் எகானமியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எகானமியில் வரிசைக்கு வரிசை இடைவெளி 30 முதல் 32 அங்குலம், இதில் சுமார் 38. படுக்க முடியாது. ஆனால் முட்டி முன் இருக்கையில் இடிக்காது.

அலுவலகக்காரர்கள் பறக்காத காலத்தில் பிசினஸ் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். அதனால் கோடை விடுமுறை, வருடக் கடைசி போன்ற நேரங்களில், எகானமி விலை ஏறியிருக்கும்போதே பிசினஸில் தள்ளுபடி வருவதைப் பார்க்கலாம். வித்தியாசம் மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். இப்படிப்பட்ட தள்ளுபடிகள் பெரும்பாலும் பல வாரம் முன்கூட்டி வாங்க வேண்டும், குறைந்தது சில இரவுகள் தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். சுற்றுலா போகிறவருக்கு இரண்டுமே சுலபம். எனவே மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே விலை எச்சரிக்கை போட்டு வையுங்கள், தேதியை இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள்.

எகானமி எடுத்துவிட்டு ஏலத்தில் பிசினஸுக்கு வகுப்பு உயர்வு கேட்கும் வழியும் உண்டு. நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பும், நீங்கள் ஒரு தொகை சொல்லலாம், பறப்பதற்குச் சில நாட்கள் முன்பு முடிவு வரும். இரண்டு எச்சரிக்கைகள்: ஏலத்தொகை பெரும்பாலும் ஒரு துண்டுக்கு, ஓர் ஆளுக்கு, முழுக் குடும்பத்துக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், பெட்டி அளவு பழைய எகானமி டிக்கெட்டின்படியே இருக்கலாம். உடம்புக்குத் தேவை என்றால் ஏலத்தை நம்பாதீர்கள். அது கிடைத்தால் மகிழ்ச்சி என்கிற ரகம்.

வேறொரு நகரத்திலிருந்து கிளம்பினால் மலிவு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நகரத்துக்குப் போகத் தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. முதல் பயணத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

7. கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், போய்ச் சேரும் தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. டிக்கெட்டிலும் உறுப்பினர் அட்டையிலும் லவுஞ்ச் பாஸிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் பெயர், குடும்பப் பெயர் இடம் மாறியிருந்தால் லவுஞ்ச் இயந்திரம் ஏற்காமல் போகலாம்.

லவுஞ்சுக்குப் போர்டிங் பாஸ் வேண்டும், இ-டிக்கெட் போதாது. அடுத்த துண்டின் போர்டிங் பாஸையும் முதல் நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி அட்டை வழியாகப் போகிறவர்கள் அட்டையையே கையில் வைத்திருங்கள், சில இடங்களில் செயலியில் காட்டினால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிக்கெட் வாங்கிய கிரெடிட் கார்டையும் செக்-இன்னில் சில நிறுவனங்கள் பார்க்கக் கேட்பதுண்டு. அப்புறம், 3ஆம் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள்.

8. வாங்கிய பிறகும், கிளம்பும் நாளிலும்

வாங்கிய அன்றே இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, கடைசி வாரத்தில் தினமும், பதிவைத் திறந்து இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். விமானத்தை மாற்றினால் பெரும்பாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், இருக்கை எண் மட்டும் அமைதியாக மாறியிருக்கும். மாறினால் உடனே தொலைபேசியில் பேசுங்கள், நல்ல இருக்கை காலியாக இருக்கும்போதே.

அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் பயணங்களில், ஏழு நாளோ அதற்கு மேலோ முன்பாக நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையில் நிறுத்தி வைக்கவோ வழி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஒரு நாளில் 2ஆம், 3ஆம் படிகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலி தேவை என்றால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள். லவுஞ்சில் இறக்கிவிடுபவரிடம், திரும்ப எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு செய்வதில்லை, அதனால் நீங்களே அலாரம் வையுங்கள். கேட் இருபது நிமிட நடையில் இருக்கலாம்.

9. பணம் கொடுத்த வகுப்பு கிடைக்காவிட்டால்

சில சமயம் பிசினஸ் டிக்கெட்டுக்கு எகானமி இருக்கை கொடுத்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், ஒன்றியத்துக்கு வரும் ஒன்றிய நிறுவன விமானத்துக்கும் 261/2004 விதி பொருந்தும். கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், அந்தத் துண்டின் டிக்கெட் விலையில் 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 1,500 முதல் 3,500 வரை 50 சதவீதம், அதற்கு மேல் பொதுவாக 75 சதவீதம், ஏழு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவிலும் 2024இல் வந்த விதிப்படி, வகுப்பைக் குறைத்தால் பணம் திருப்பிக் கேட்க உரிமை உண்டு.

வாசலில் ஒரு கூப்பன் நீட்டி, இதோடு சரி என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வகுப்பைக் குறைத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் புது இருக்கை எண்ணோடு போர்டிங் பாஸைப் படமெடுங்கள். இடைத்தரகரிடம் வாங்கியிருந்தாலும் கோரிக்கையைப் பறந்த நிறுவனத்துக்கே அனுப்புங்கள். அதில் பயண எண், தேதி, வாங்கிய வகுப்பு, உட்கார்ந்த வகுப்பு, கேட்கும் சதவீதம் இவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் பணம் கணக்கில் ஏறும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.